ஒரு வரி எதைக் குறிக்கிறது?

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் வட்டாரங்களில் அலுவலகக் கணினி முன்னால் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பெயர்களையும் எண்களையும் ஏற்றிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



நீங்கள் எஸ்கியூஎல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மடல். ஐடி வேலைக்குப் போவதற்காகச் சொல்லவில்லை, போனால் மகிழ்ச்சிதான். இப்போது உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில், இப்போது பார்க்கும் அதே வேலைக்காகச் சொல்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையமோ, ஒன்றிய அலுவலகமோ, கூட்டுறவுச் சங்கமோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியோ, எங்கே இருந்தாலும் சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் ஒரு போன் வரும். "போன மாசம் வந்து இந்த மாசம் வராதவங்க லிஸ்ட் வேணும், அரை மணி நேரத்துல." இரண்டு எக்ஸெல் ஷீட்டைத் திறப்பீர்கள். வி-லுக்கப் போடுவீர்கள். கிடைக்காததற்கு மஞ்சள் பூசி, கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்து அனுப்புவீர்கள். அடுத்த வாரம் அதே கேள்வி வேறு தேதிக்கு வரும். முதலிலிருந்து எல்லாம் மறுபடி. கேள்வி கொஞ்சம் சிக்கலானால், சாஃப்ட்வேர் செய்து கொடுத்த கம்பெனிக்கு மெயில் போகும். பதில் வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்திருக்கும்.

இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். அந்தத் தகவலை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. எந்த ஊர் எந்தத் துணை சுகாதார நிலையத்தில் சேரும், எந்த ஏரியின் பெயர் பதிவேட்டில் இரண்டு விதமாக இருக்கிறது, எந்த வருஷத்து எண்ணை நம்பக்கூடாது என்பதெல்லாம் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. கேள்வி கேட்கும் மொழி மட்டும் வேறு யாரிடமோ இருக்கிறது. அந்த மொழியும் உங்களுக்காகவே உண்டானது.

1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களையெல்லாம் டேபிள்களாகவே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரையில் காட்டினார். 1974-இல் அதே நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்த டேபிள்களிடம் கேள்வி கேட்க, பின்னர் எஸ்கியூஎல் ஆன ஒரு மொழியை வகுத்தார்கள். யாருக்காக இதை வகுக்கிறோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்: கணினி வல்லுநர் அல்லாதவர்களுக்காக. எடுத்துக்காட்டாக அவர்கள் முதலில் சொன்னது கணக்கர்களை. பிறகு அது பொறியாளர்கள் கைக்குப் போய்விட்டது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆங்கிலம் வராதே என்று தயங்குபவர்களுக்கு: தினசரி வேலைக்கு இருபது சொற்கள் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'செலக்ட்' என்று தொடங்கித்தான் எழுதுகிறோம். ஆனால் டேட்டாபேஸ் அந்த வரிசையில் பொருள்கொள்வதில்லை. முதலில் எந்த டேபிளிலிருந்து, அடுத்து எந்த நிபந்தனைக்கு உட்பட்டவை, அடுத்து எப்படிக் குழு பிரிப்பது, பிறகு எந்தக் குழுக்களை வைத்துக்கொள்வது, அதற்கப்புறம்தான் எதை எடுப்பது. "ஏரிப் பதிவேட்டிலிருந்து, மதுராந்தகம் வட்டத்தில் உள்ளவற்றை, ஊர்வாரியாகப் பிரித்து, ஐந்துக்கு மேல் உள்ள ஊர்களை மட்டும் எடு." நாம் பேசும் வரிசையே அதுதான். 'செலக்ட்' பகுதியில் வைத்த பட்டப்பெயரை 'வேர்' பகுதியில் பயன்படுத்தினால் பல டேட்டாபேஸ்களில் ஏன் பிழை வருகிறது என்று பலர் திணறுவார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எடு' கடைசியில் வருவதால், அதில் வைத்த பெயர் முன்னால் தெரிந்திருக்க முடியாது என்பது தானே விளங்கும்.

ஆனால் சொற்களுக்கெல்லாம் முன்னால் ஒரு பழக்கம் வேண்டும். டேபிளைத் திறந்தவுடன் உங்களையே கேளுங்கள்: இங்கே ஒரு வரி எதைக் குறிக்கிறது? ஒரு ஆளையா, ஒரு குடும்பத்தையா, ஒரு வருகையையா, ஒரு ஊசியையா? இதைச் சரியாகச் சொல்ல முடிந்தால் கொயரியில், அதாவது எஸ்கியூஎல்லில் எழுதும் கேள்வியில், பாதி முடிந்தது. சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு அழகான கொயரி எழுதினாலும் வரும் எண்ணை நம்ப முடியாது. இந்த மடலில் மீதி எல்லாம் இந்த ஒரு கேள்வியின் விரிவுதான்.

நம் மண்ணில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுப் பகுதி ஜாகீராகக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் அந்த ஜாகீரில் இருந்த சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு சாகுபடி, எவ்வளவு தரிசு, ஏரி குளம் தோப்பு எத்தனை, எந்தத் தொழில் செய்வோர் வீடு எத்தனை, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு, யாருக்கு மானியம் என்று கலம் கலமாக. இதைப் பார்னார்டு தன் கையால் எழுதியிருக்க முடியாது. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் தமிழில் எழுதி வைத்திருந்த கணக்குதான் அடிப்படை. அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அறிஞர் தரம்பாலும் பின்னர் சென்னை கொள்கை ஆய்வு மையத்தின் ஜே. கே. பஜாஜும் எம். டி. சீனிவாஸும் இவற்றைத் தேடி எடுத்து ஆராய்ந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய விளைச்சலையும் பங்கீட்டையும் இன்று கூட்டிப் பார்க்க முடிகிறது என்றால், அந்தக் கணக்குப்பிள்ளைகள் கலம் மாறாமல் எழுதியதுதான் காரணம்.

அங்கே ஒரு வரி என்பது ஒரு ஊர். அதனால் ஊர்களைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் அந்தப் பதிவேடு பதில் சொல்லும். ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் சொல்லாது. குறை என்று இதைச் சொல்லக்கூடாது. வரியின் அளவு அது. மொத்தமாகத் தொகுத்து வைத்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. உங்கள் அலுவலகத்தில் "மாத அறிக்கை மட்டும் போதும், தினசரி ஷீட்டை அழித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து விடாதீர்கள். தினசரி இருந்தால் மாதக் கணக்கு எப்போது வேண்டுமானாலும் வரும்.

இன்னொரு பதிவேடு 1968-இல் தொடங்கியது. காசநோய்க்கு பிசிஜி தடுப்பூசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று அறிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த ஆய்வு அது. (ஆய்வு நடந்த பகுதி இன்றைய கணக்கில் பெரும்பாலும் திருவள்ளூர்ப் பக்கம்.) 3,66,625 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. எது யாருக்கு என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு பதினைந்து வருஷம் அந்த மக்களை விடாமல் தொடர்ந்து போய், எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, யாருக்கு நோய் வந்தது என்று எழுதினார்கள்.

இதை நம் மொழியில் பாருங்கள். ஆட்கள் ஒரு டேபிள். ஊசி ஒரு டேபிள். எந்தக் குப்பியில் என்ன இருந்தது என்ற ரகசியம் தனியாக ஒரு டேபிள். ஒவ்வொரு சுற்றிலும் நடந்த பரிசோதனை இன்னொரு டேபிள். கடைசியில் கேள்வி ஒன்றுதான்: பிசிஜி போட்டவர்களிலும் போடாதவர்களிலும் நோய் வந்தவர்கள் எவ்வளவு? அதற்கு எல்லா டேபிளையும் ஆள் எண்ணையும் குப்பி எண்ணையும் வைத்து ஜாயின் செய்ய, அதாவது இணைக்க வேண்டும். வீடு மாறினாலும், கல்யாணமாகிப் பெயருக்கு முன்னால் எழுத்து மாறினாலும், அந்த ஆள் அதே எண்ணோடு இருக்க வேண்டும். இருந்தார்கள். 1979-இல் வந்த முதல் முடிவும் 1999-இல் வந்த பதினைந்து வருஷ முடிவும் உலகம் எதிர்பார்க்காத பதிலைச் சொன்னன: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. அந்தக் கசப்பான பதிலைத் தள்ளிவிட முடியாமல் போனதற்கு, அந்தப் பதிவேடுகளின் ஒழுங்கும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஊர் ஊராக நடந்து எழுதியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

இனி கைவேலைக்கு வருகிறேன்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, பானையில் வைத்து, வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். இந்த வேலைக்கு நீங்கள் டேபிள் அமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'பாம்பு' டேபிளில் ஒரு வரி ஒரு பாம்பு: யார் பிடித்தார், எந்த நாள், எவ்வளவு கொடுத்தோம். 'எடுப்பு' டேபிளில் ஒரு வரி ஒருமுறை விஷம் எடுத்தது: எந்தப் பாம்பு, எந்த நாள், எவ்வளவு.

பேச்சுக்கு, பத்துப் பாம்பு, ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய் கொடுத்தார்கள் என்போம். மொத்தம் 10,000. "மொத்தம் கொடுத்த பணமும் மொத்தம் எடுத்த விஷமும் வேண்டும்" என்று கேட்கிறார்கள். இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து இரண்டு கலத்தையும் கூட்டினால், விஷம் சரியாக வரும். பணம் 40,000 என்று வரும். ஜாயின் செய்தவுடன் ஒரு வரி என்பது பாம்பு என்ற நிலையிலிருந்து எடுப்பு என்ற நிலைக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு பாம்பின் விலையும் நான்கு முறை எழுதப்பட்டுவிட்டது. டேட்டாபேஸ் பிழை எதுவும் காட்டாது, ஏனென்றால் அதன் கணக்கில் பிழையே இல்லை. பலர் இங்கே அவசரமாக 'டிஸ்டிங்க்ட்' போடுவார்கள். விலைகளை 'டிஸ்டிங்க்ட்' போட்டுக் கூட்டினால் விடை 1,000! எல்லா விலையும் ஒன்றாக இருப்பதால் ஒன்றைத்தான் எண்ணும். சரியான வழி, எடுப்புகளை முதலில் பாம்புவாரியாக 'குரூப் பை' செய்து, பாம்புக்கு ஒரு வரியாகச் சுருக்கி, அதற்குப் பிறகு பாம்பு டேபிளோடு சேர்ப்பது. அந்தச் சுருக்கும் படியை 'வித்' என்று தொடங்கித் தனிப் பெயர் கொடுத்து எழுதினால், ஆறு மாதம் கழித்து நீங்களே படிக்கும்போதும் புரியும்.

ரேஷன் கார்டும் உறுப்பினர்களும், நோயாளியும் மாத்திரைகளும், விடுதி அறையும் சாப்பாட்டு பில்லும், எல்லாம் இதே கதைதான். ஜாயின் செய்வதற்கு முன் எத்தனை வரி, பின் எத்தனை வரி என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இருந்தால், தவறான அறிக்கைகளில் பெரும்பகுதி வெளியே போகாது. இதை மட்டும் இந்த மடலிலிருந்து எடுத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

அடுத்தது நல். நம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் எந்த ஏரி நூறு சதவீதம், எது எழுபத்தைந்துக்கு மேல், எது ஐம்பதுக்குக் கீழ் என்று தினமும் பட்டியல் போகும். அந்த வகை பிரிப்புக்கு 'கேஸ் வென்' போதும். சிக்கல் வேறு இடத்தில். ஒரு ஏரிக்கு இன்று அளவு வரவில்லை. கலம் காலியாக இருக்கிறது. அது நல். நல் என்றால் பூஜ்யம் இல்லை. தெரியவில்லை என்று பொருள். "நூறுக்குக் குறைவான ஏரிகள்" என்று கேட்டால் அளவு வராத ஏரி அந்தப் பட்டியலில் வராது. "நூறு இல்லாதவை" என்று கேட்டாலும் வராது. தெரியாத ஒன்று நூறா இல்லையா என்று கேட்டால் அதற்கும் விடை தெரியாது என்பதுதானே? கரை நிலைமை தெரியாத ஏரியே மழை நாளில் முதலில் கவலைப்பட வேண்டிய ஏரி. அது பட்டியலிலிருந்து ஓசையில்லாமல் விழுந்துவிடுகிறது. 'இஸ் நல்' என்று தனியாகக் கேட்டு, "தகவல் வரவில்லை" என்று தனித் தலைப்பில் காட்டுங்கள். காலியாக இருப்பது அசிங்கமாக இருக்கிறதென்று 'கோஅலெஸ்' போட்டுப் பூஜ்யமாக்கி அனுப்பாதீர்கள். வறண்ட ஏரி என்று மேலே ஒருவர் படிப்பார். சராசரியும் அப்படித்தான்: நல் வரிகளை விட்டுவிட்டே சராசரி வரும். எத்தனை ஏரியின் சராசரி என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வராதவர்கள், பெறாதவர்கள், விடுபட்டவர்கள். உங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் அதிகம் இந்த வகைதான், மனிதர்களுக்கு அதிகம் வலிப்பதும் இந்த வகைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை உண்டு. கோவளத்திலிருந்து கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை உள்ள ஏதாவது ஒரு குப்பத்தில் இந்த வருஷம் தொகை போய்ச் சேராத குடும்பங்கள் எவை? குடும்ப டேபிளை இடப்பக்கம் வைத்து, பட்டுவாடா டேபிளை 'லெஃப்ட் ஜாயின்' செய்து, வலப்பக்கம் நல்லாக இருப்பவர்களை எடுங்கள். இதில் ஒரு நுட்பம்: "இந்த வருஷம்" என்ற நிபந்தனையை 'ஆன்' பகுதியில் வைக்க வேண்டும். 'வேர்' பகுதியில் வைத்தால், பட்டுவாடா இல்லாத குடும்பங்களுக்கு வருஷமே நல் என்பதால், நீங்கள் தேடுகிறவர்களே காணாமல் போவார்கள். எனக்கு 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' இதைவிடப் பிடிக்கும். "இப்படி ஒரு பட்டுவாடா வரியே இல்லாத குடும்பங்கள்" என்று அப்படியே படிக்கலாம். 'நாட் இன்' வேண்டாம். உள்ளே இருக்கும் பட்டியலில் ஒரே ஒரு குடும்ப எண் நல்லாக இருந்தாலும், விடையாக ஒரு வரிகூட வராது. "விடுபட்டவர்கள் யாருமில்லை" என்று அறிக்கை போய்விடும். அதன் பின்னால் இருக்கும் அடுப்பங்கரைகளை நினைத்துப் பாருங்கள்.

பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆங்கிலத்தில் நம் ஊருக்கு மட்டும் எத்தனை எழுத்துக்கோர்வை! சிங்கிள்புட் என்று பழைய ஆவணம், செங்கல்பெட் என்று ஒரு ரசீது, செங்கல்பட்டு என்று இன்னொன்று. மாமல்லபுரம் ஒரு பக்கம், மகாபலிபுரம் ஒரு பக்கம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோர்வையைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. இதையெல்லாம் 'ரிப்ளேஸ்' போட்டு மூலத் தகவலிலேயே மாற்றிக்கொண்டிருந்தால் முடிவே இராது. ஊருக்கு ஒரு எண். அந்த எண்ணுக்கு எத்தனை பெயர் வந்திருக்கிறதோ அத்தனையும் தனி டேபிளில். புதிதாக ஒரு கோர்வை வந்தால் அங்கே ஒரு வரி கூடும், அவ்வளவே.

தமிழிலேயே ஏற்றினாலும் ஒரு ஆபத்து இருக்கிறது. இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாததால் நிதானமாகச் சொல்கிறேன். கோவளம் என்று இரண்டு பேர் டைப் செய்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றேதான். ஆனால் 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வழியில் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகவோ, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை அடிக்கடி வரும். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு ஊர். 'குரூப் பை' செய்தால் கோவளம் இரண்டு முறை வந்து நிற்கும், ஜாயின் செய்தால் பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் 'லெங்த்' போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு ஒரு எண் கூடுதலாகக் காட்டும். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து 'நார்மலைஸ்' என்ற வசதி இருக்கிறது. உள்ளே ஏற்றும்போதே அதைப் போட்டால் எல்லாம் ஒரே வடிவுக்கு வந்துவிடும். கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இது பொருந்தும்.

மாவட்டமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1997-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. 2015-இல் திருக்கழுக்குன்றத்தில் பிறந்த குழந்தையின் பதிவில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருந்தால் அது பிழை இல்லை. அன்றைக்கு அது உண்மை. ஒரே 'அப்டேட்' போட்டு எல்லாவற்றையும் செங்கல்பட்டாக்கிவிடாதீர்கள். வட்டம், மாவட்டம், எந்த நாள் முதல், எந்த நாள் வரை என்று ஒரு டேபிள் வைத்து, நிகழ்ந்த தேதி அந்த இடைவெளிக்குள் வருகிறதா என்று பார்த்து ஜாயின் செய்யுங்கள். அன்றைய எல்லையிலும் கணக்கு வரும், இன்றைய எல்லையிலும் வரும்.

விடுதி வரவேற்பில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரே வரி: ஒரு அறைக்கு இரண்டு முன்பதிவு மோதுகிறதா என்று பார்க்க நான்கு விதமாக யோசிக்க வேண்டாம். முதலாவது தொடங்குவது இரண்டாவது முடிவதற்கு முன், இரண்டாவது தொடங்குவது முதலாவது முடிவதற்கு முன். இரண்டும் உண்மையானால் மோதல்.

பயிற்சிக்கு எங்கே போவது? நம் ஊரிலேயே அருமையான தகவல் இருக்கிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. பொதுப் பிரிவில் 188 அணிகள், பதினொரு சுற்று, அணிக்கு நான்கு பலகை. முடிவுகள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. ஆட்டப் பட்டியலில் அணி ஒருமுறை இடப்பக்கமும் இன்னொரு முறை வலப்பக்கமும் வரும். ஒரு வரி என்பது ஒரு மோதல். உங்களுக்கு வேண்டியதோ ஓர் அணியின் ஒரு சுற்று. இரு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்து 'யூனியன் ஆல்' செய்தால் வரியின் பொருள் மாறி, மீதி எல்லாம் சுலபமாகிவிடும். வென்றால் 2, சமன் என்றால் 1 என்று கூட்டிப் பாருங்கள். உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் தலா 19. இந்தியாவின் இரண்டாம் அணி 18. இந்தியாவின் முதல் அணி 17. இங்கே 'ரேங்க்' போட்டால் 1, 1, 3, 4. 'டென்ஸ் ரேங்க்' போட்டால் 1, 1, 2, 3. 'ரோ நம்பர்' போட்டால் 1, 2, 3, 4; ஆனால் முதல் இரண்டில் யார் 1 என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, இன்று ஒன்று வரும் நாளை வேறு வரும். சமநிலையை உடைக்கும் விதிப்படி தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. அந்த விதியை நீங்கள் 'ஆர்டர் பை'யில் எழுதினால்தான் டேட்டாபேஸுக்குத் தெரியும். கடன் தள்ளுபடிக்கோ விடுதி இடத்துக்கோ தகுதிப் பட்டியல் போடும்போது, கடைசி இடத்தில் ஒரே மதிப்பெண்ணோடு இரண்டு பேர் நிற்பார்கள். அந்த முடிவை யாரும் எடுக்காமல் கணினி எடுத்துவிடக்கூடாது.

இதே 'ரோ நம்பர்', ஆள்வாரியாகப் பிரித்துத் தேதியைத் தலைகீழாக அடுக்கினால், ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசி வருகையை மட்டும் எடுத்துக் கொடுக்கும். சுகாதார நிலையத்தில் இருப்பவர்கள் இதைத் தினமும் பயன்படுத்துவீர்கள்.

இன்னும் ஒரு படி மேலே போக ஆசை இருந்தால் குகேஷின் ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலிம்பியாடில் இந்தியாவின் இரண்டாம் அணியின் முதல் பலகையில் ஆடி, முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று, பதினொன்றில் 9 புள்ளிகளோடு பலகைத் தங்கம் வாங்கியவர். "தொடர்ந்து எத்தனை வெற்றி" என்று டேட்டாபேஸிடம் கேட்பது எப்படி? வெற்றிகளை மட்டும் எடுத்து 1, 2, 3 என்று வரிசை எண் கொடுங்கள். சுற்று எண்ணிலிருந்து அந்த வரிசை எண்ணைக் கழியுங்கள். தொடர்ச்சி அறுபடாதவரை கழித்து வரும் எண் மாறாது, அறுபட்டவுடன் மாறும். அந்த எண்ணை வைத்துக் 'குரூப் பை' செய்தால் ஒவ்வொரு தொடரும் ஒரு வரியாக வந்துவிடும். இந்தச் சின்னக் கழித்தல் எனக்கு மிகவும் பிடித்தது. தொடர்ந்து ஐந்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகள், தொடர்ந்து மூன்று மாதம் மாத்திரை வாங்க வராத சர்க்கரை நோயாளிகள்: யாரைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை இதே கழித்தல் சொல்லிவிடும்.

கருவிக்குக் காசு வேண்டாம். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் எழுதிப் பொதுச் சொத்தாக விட்டுவிட்ட எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ், உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் டிபி பிரௌசர் என்ற இலவசச் செயலியை வைத்தால் எக்ஸெல்லைச் சிஎஸ்வி ஆக்கி நேரே உள்ளே இழுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன எல்லாமே அதில் நடக்கும். 'நார்மலைஸ்' ஒன்றுக்குத்தான் போஸ்ட்கிரஸ் வேண்டும்.

இப்போது ஏஐ கேட்டால் கொயரி எழுதித் தந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். தரட்டும், பயன்படுத்துங்கள். பானையில் இருக்கும் ஒரு பாம்பிடம் நான்கு முறை விஷம் எடுப்பார்கள் என்பது அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அது எழுதியதைப் படித்து, ஒரு வரி எங்கே இரண்டாகிறது என்று கண்டுபிடிக்கும் அளவுக்காவது நீங்கள் கற்றிருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். அலுவலகத்து நிஜத் தகவலைப் பயிற்சிக்காகப் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஆதார் எண்ணும் நோய் விவரமும் அந்த மனிதர்களுடையவை. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். பயிற்சிக்குச் செஸ் இருக்கிறது. இரண்டாவது: நிஜ டேட்டாபேஸில் 'அப்டேட்', 'டெலீட்' எழுதும் முன், அதே நிபந்தனையோடு 'செலக்ட்' போட்டு எத்தனை வரி என்று பாருங்கள். பிறகு 'பிகின்' சொல்லி, மாற்றி, எண்ணி, எதிர்பார்த்த எண் வந்தால் மட்டும் 'கமிட்'. இல்லையென்றால் 'ரோல்பேக்'.

ஓரளவு கை பழகியதும் உங்கள் மேலதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். "டேட்டாபேஸைத் தாருங்கள்" என்று கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கு. பெயரும் ஆதாரும் மறைக்கப்பட்ட ஒரு வியூ. உங்கள் பிரிவின் டேபிள்கள் மட்டும். எந்த அறிக்கைக்காக, இப்போது அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கூடவே அந்த அறிக்கையின் மாதிரி ஒன்றை, பொய்ப் பெயர்களை வைத்து எஸ்கியூலைட்டில் செய்து காட்டுங்கள். அந்த டேபிளுக்கு மேலே, "ஒரு வரி = ஒரு குடும்பம், ஒரு வருஷம்" என்பதுபோல் ஒரு குறிப்பும் இருக்கட்டும்.

அன்புடன்,
செங்கல்பட்டிலிருந்து ஒரு மூத்த சகோதரி